ஆலங்குளத்து மாப்பிள்ளை

வாடகை கேட்பதற்கென்று ஒரு முகம் வேண்டும். எனக்கு வாய்த்திருப்பது கடன் கேட்கிற முகம். கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு முறைத்தாலும், ‘ஒரு ஐந்நூறு இருந்தா கொடுங்க, ஒண்ணாந்தேதி தந்துருதேன்’ என்று கெஞ்சுவது போலவே இருக்கும். அப்படிப்பட்டவன் வீடு கட்டி வாடகைக்கு விட்டது முதல் தப்பு. அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் தப்பு என்று சொன்னால், தப்பு என்ற சொல்லுக்கே மரியாதை இல்லாமல் போய்விடும்.

நடந்து ஏழு வருஷமாகிறது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். வயது ஐம்பத்து மூன்று. (அந்த வயதில் மனிதனுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்கவும்.) குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில், பி.எஃப். கடன் போட்டுக் கட்டிய சின்ன வீடு ராஜபாளையத்தில். அங்கே மனை மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. மொட்டைமாடியில் நின்றால் அய்யனார் கோவில் மலை தெரியும் என்று சொல்லி வாடகையில் நூறு ரூபாய் கூட்டிக் கேட்டேன். மாடிக்கு நான் படி கட்டியிருக்கவில்லை.

அந்த வாடகைக்கு ஒரு வேலை இருந்தது. என் மகள் ஆனந்தியின் நகைச்சீட்டுக்கு மாதாமாதம் அதுதான் போய்க்கொண்டிருந்தது. ஆனந்திக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்திருந்தது. ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. முதல் இடத்துக்காரர்கள் பூ வைத்துவிட்டுப் போய், பதினைந்து நாள் கழித்து, ஜாதகத்தை வேறு ஜோசியரிடம் காட்டினோம் என்று போனில் சொன்னார்கள். இரண்டாவது இடத்துக்காரர்கள் அந்தப் போனும் பண்ணவில்லை. மறுநாள் ஆனந்தி வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போய்விட்டு, மாலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் திருத்துவதைப் பார்த்துக்கொண்டு நான் அடுத்த அறையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அப்பாக்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான் போலிருக்கிறது.

ராஜபாளையம் வீட்டில் குடியிருந்தவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி பேச்சியம்மாள் வீட்டிலேயே மிஷின் போட்டு நைட்டிக்குக் கை மூட்டுவாள். ஒரே மகள் செல்வி, பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மாஸ்டர் அந்த வீட்டைப் பிடித்ததே அதற்காகத்தான். செல்விக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ஏறிய பத்தாவது நிமிஷம் குமட்டும். ஊருக்குப் போனால்கூட எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடிதான் போவாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள் ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் வாந்தியை எப்படித் துடைப்பாள் என்று அவள் அப்பாவே கேலி செய்வார்.

இரண்டு வருஷம் வாடகை ஒழுங்காக வந்தது. அப்புறம் கட்டிங் மிஷினில் மாஸ்டரின் வலது கை விரல் இரண்டு மாட்டிக்கொண்டது. தையல் போட்டு விரல்கள் பிழைத்தன, வேகம் பிழைக்கவில்லை. கம்பெனியிலும் ஆர்டர் படுத்துவிட்டது. ஒரு மாதம் நின்றது, இரண்டானது, நான்கானது. முன்பணம் அதில் கழிந்து, அதற்கு மேலும் ஆறு மாதம் ஏறியது.

நான் கேட்கப் போகாமல் இல்லை. ஒவ்வொரு மாதமும் போனேன். ஆனால் செவ்வாய், வெள்ளியில் காசு கேட்கக் கூடாது. அமாவாசையில் கேட்டால் கொடுக்கிற வீட்டுக்கு ஆகாது. அஷ்டமி, நவமியில் கேட்டால் வாங்குகிற வீட்டுக்கு ஆகாது. மிச்சமிருக்கிற நாட்களில் எனக்கு ஆபீஸ். இப்படிப் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து, ஒன்றுமே தடையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தால், என் வாயிலிருந்து வருவது “எல்லாம் சௌகரியமா இருக்கா மாஸ்டர்?” என்பதுதான். அவர் கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அடுத்த மாசம் பாத்துருவோம் அண்ணாச்சி” என்பார். நான் அவசரமாக, “அதுக்கென்ன, அதுக்கென்ன” என்பேன். வாடகை என்ற மூன்றெழுத்தை நாங்கள் இரண்டு பேருமே கெட்ட வார்த்தை போலத் தவிர்த்தோம்.

கிளம்பும்போது பேச்சியம்மாள் ஒரு பொட்டலத்தை நீட்டுவாள். “மதினிக்கு” என்பாள். உள்ளே ஒரு நைட்டி இருக்கும். கம்பெனியில் கழித்துப் போட்டது. ஒன்றுக்கு ஒரு கை முழம், மறு கை சாண். இன்னொன்றுக்குப் பாக்கெட் முதுகுப் பக்கம். வாடகை வாங்கப் போன நான் மாதம் ஒரு நைட்டியோடு பஸ் ஏறி வீடு திரும்பினேன். ஆறாவது நைட்டியைப் பிரித்துப் பார்த்த என் மனைவி செண்பகம் அதை மடித்து என் மடியிலேயே வைத்தாள். பிறகு, “நகைக்கடைக்காரன் நைட்டியை வாங்கிக்கிட்டுச் சீட்டு போடுவானான்னு கேட்டுட்டு வாங்க” என்றாள். கேட்கக் கூடிய ஆள்தான் நான்.

அந்தச் சமயத்தில்தான் செண்பகத்தின் தம்பி வந்தான். போலீஸில் ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். உலகத்தில் உள்ள எல்லாச் சிக்கலுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பான். என்னைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொன்னான்.

“அத்தான், வாடகையக் கேட்டா காரணம் சொல்லுவான். காலி பண்ணுன்னா சட்டம் பேசுவான். பொண்ணுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு சொல்லிப் பாருங்க. அதுக்கு நம்ம ஊர்ல அப்பீலே கிடையாது.”

வாடகைக்குப் பதிலாகக் கல்யாணத்தைச் சொல்வது ரொம்ப நாகரிகமாக எனக்குப் பட்டது. யார் மனமும் நோகாது. பயந்து பாக்கியைக் கொடுத்தாலும் சரி, தை பிறந்து மெதுவாக வேறு வீடு பார்த்துக்கொண்டாலும் சரி. செல்விக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு என்பது எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஞாபகம் இருந்தது. பரீட்சை வரை எப்படியாவது அவர்களே சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ‘எப்படியாவது’ என்ற சொல் அடுத்தவர் கஷ்டத்துக்கு மட்டும் நமக்குத் தாராளமாக வருகிறது.

கார்த்திகை மாதம், இருபத்திரண்டு தேதி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, காப்பியைக் கையில் வாங்கியதும், சூட்டோடு சூடாகச் சொல்லிவிட்டேன். ஆனந்திக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, பெண்ணும் மாப்பிள்ளையும் இந்த வீட்டில்தான் குடியிருக்கப் போகிறார்கள் என்று. மாஸ்டரின் முகம் எப்படிக் கறுக்கப் போகிறதோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே திரும்பி, “ஏட்டி, நம்ம டீச்சரம்மாவுக்குக் கல்யாணமாம்” என்று மனைவியைக் கூப்பிட்டார். பேச்சியம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு இடம் தட்டிப் போன கதை அவளுக்குத் தெரியும்.

“மாப்பிள்ளைக்கு எந்த ஊரு அண்ணாச்சி?” என்றாள்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. ஏட்டு மைத்துனன் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. திருதிருவென்று விழித்தேன். வராந்தா மூலையில் விறகை மூடி ஆலை ஊர்ப் பெயர் அச்சடித்த ஒரு பழைய சிமெண்ட் சாக்கு கிடந்தது. “ஆலங்குளம்” என்றேன். மாப்பிள்ளை என்ன வேலை பண்ணுதாரு என்று கேட்டாள். சாக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் இன்ஜினியர் என்றேன். பெயர் கேட்டாள். சுவரில் இருந்த காலண்டரில் முருகன் நின்றுகொண்டிருந்தார். சரவணன் என்றேன். நல்லவேளையாக அந்தக் காலண்டரில் வள்ளியும் தெய்வானையும் இருந்ததை வைத்து அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் தை மாதம் என்று சொல்லி, காப்பியை ஒரே மடக்கில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு எழுந்தேன்.

மாஸ்டர் தெருமுனை வரை கூட வந்தார். செல்வியின் பரீட்சையைப் பற்றி ஏதாவது சொல்வார், அப்போது இரண்டு மாதம் பொறுக்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் பரீட்சையைப் பற்றிப் பேசவே இல்லை. “நல்ல காரியம் அண்ணாச்சி. நாங்க தடையா இருக்க மாட்டோம்” என்று மட்டும் சொன்னார். வாடகை கேட்டிருந்தால் அவர் என்னிடம் ஏதாவது அவகாசம் கேட்டிருப்பார். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு எதிரே நின்று தன் பெண்ணின் பரீட்சையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

என் கணக்கில் அவர்களுக்கு இரண்டு மாதம் இருந்தது. பத்து மாதம் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு முக்கியமான இடத்தில் பஞ்சாங்கம் மறந்து போனது. கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் மார்கழி கிடக்கிறது. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், புது இடத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள். தையில் காலி செய்வது என்றால் கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க நேரமிருக்காது. ஆகவே மாஸ்டருக்கு இருந்தது கார்த்திகையின் மிச்ச நாட்கள்தான். ஒரு வாரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தது ஆனந்தி. வெளியே மாஸ்டரும் பேச்சியம்மாளும். பேச்சியம்மாள் கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பூ, ஒரு சேலை. மேலே ராஜபாளையம் வீட்டுச் சாவி.

நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்போடு ஓடி வந்தேன். செண்பகம் முதுகுப் பக்கம் பாக்கெட் வைத்த நைட்டியோடு ஓடி வந்தாள். மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையே சாமான்களை ஏற்றிவிட்டார்களாம். சிவகிரிக்கு மேற்கே பேச்சியம்மாளின் அண்ணன் ஊரில், அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்துகொள்வார்களாம். பாக்கியை எப்படியும் கொடுத்துவிடுவார்களாம். பேச்சியம்மாள் தாம்பாளத்தை ஆனந்தியிடம் நீட்டினாள்.

“ஆலங்குளத்து மாப்பிள்ளையும் நீயும் நல்லா இருக்கணும் தாயி.”

என் வீட்டில் அந்தக் கல்யாணத்தைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனந்தி தாம்பாளத்தைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சோப்பு நுரை என் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்துப் பழகியவளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். அவள் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, அவர்கள் காலில் விழுந்து எழுந்தாள். பேச்சியம்மாள் அவள் தலையில் பூ வைத்தாள். ஏற்கெனவே ஒருமுறை வைத்த பூவுக்கு என்ன ஆனதென்று எங்கள் மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது. ஆனந்தி சிரித்த முகமாகவே நின்றாள். “செல்வி எப்படி ஸ்கூலுக்கு வருவா?” என்று மட்டும் கேட்டாள். ரெண்டு பஸ் மாறி வந்துருவா என்றார் மாஸ்டர். பையில் எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்துவிடுவோம் என்றாள் பேச்சியம்மாள்.

அவர்கள் போன பிறகு ஆனந்தி பூவை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளைக்கு எந்த ஊருப்பா?” என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன். நான் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், சிமெண்ட் சாக்கு உட்பட. செண்பகம் இடையிடையே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனந்தி முழுவதையும் கேட்டுவிட்டு, “நாளைக்கே போய் உண்மையைச் சொல்லி அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பிள்ளை பரீட்சை முடியட்டும். சீட்டு போனாப் போகுது” என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதலில் ராஜபாளையம் வீட்டுக்குப் போனேன். திறந்ததும் சுண்ணாம்பு வாசனை. வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். கூலிக்கு ஆள் வைக்கக் காசு ஏது? விரல் மடங்காத கையால் மாஸ்டர்தான் அடித்திருக்க வேண்டும். நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தது. சமையலறைத் தட்டில் ஒரு கிண்ணம் கல் உப்பு, ஒரு துண்டு மஞ்சள், ஒரு குடம் தண்ணீர். வரப்போகிறவர்களுக்கு வீடு வெறுமையாக இருக்கக் கூடாதாம். அறைச் சுவரில், தரையிலிருந்து முழ உயரத்தில், சுண்ணாம்புக்கு உள்ளே பென்சில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஏதோ வேதியியல் சமன்பாடுகள். செல்வி அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறாள். அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு அடித்திருந்தது, அப்படியும் மறையவில்லை. நானும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். சொந்த வீட்டில் அழுவதற்கு யாருக்கும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு சிவகிரி பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ‘மாஸ்டர், நான் பொய் சொன்னேன்.’ நான்கே வார்த்தை. சேத்தூர் வரை சரியாக வந்தது. மாஸ்டரின் மைத்துனர் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே அவர்கள் இருந்த இடத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். மாஸ்டர் பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். “என்ன அண்ணாச்சி, மொகமே சரியில்ல?” என்றார். நான் வாயைத் திறந்தேன்.

“கல்யாணம் நின்னு போச்சு மாஸ்டர்” என்று வந்தது.

இப்போதும் எனக்குப் புரியவில்லை, அது எப்படி அந்த வடிவத்தில் வெளியே வந்ததென்று. பொய்யை வாபஸ் வாங்கப் போனவன் அதற்கு ஒரு குட்டியைப் போட்டுவிட்டு நின்றேன். பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்த ஆலங்குளத்துக்காரனை, இல்லாத அந்த நல்ல மனிதனை, வாய் ஓயும் வரை திட்டினாள். பிறகு, “வாடகைப் பாக்கி வச்சுட்டு வந்த எங்க பாவந்தான் பிள்ளையப் பிடிச்சிட்டோ?” என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை, நீங்கள் திரும்பி வந்துவிடுங்கள், வாடகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு மார்கழி பிறந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆனந்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கையில் சிவப்புப் பேனா இருந்தது. மூடி வைத்தாள்.

“அப்போ மூணாவது மாப்பிள்ளையும் போயிட்டானாப்பா?” என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் ரொம்ப நேரம் கொல்லைப்புறத்தில் நின்றாள். நான் பேப்பர் எடுக்கவில்லை. எடுத்தாலும் படிப்பது போல நடிக்க என்னால் முடிந்திருக்காது.

தை பிறந்ததும் மறுபடி போய்க் கூப்பிட்டேன். பாக்கி தீராமல் அந்த வாசலை மிதிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். செல்வி விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பி, ராஜபாளையம் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு ஓரமாகச் செத்த நேரம் உட்கார்ந்து குமட்டல் அடங்கிய பிறகு பரீட்சை எழுதப் போனாளாம். பாஸ் பண்ணினாள். ஆனால் நர்சிங் கிடைக்கிற மார்க் இல்லை. அந்த வருஷமே தளவாய்புரத்தில் நைட்டிக்குக் கை மூட்டப் போய்விட்டாள். பேச்சியம்மாள் சொன்ன அந்தப் பாவத்துக்குப் பயந்தோ என்னவோ, அடுத்த மாதத்திலிருந்து என் வங்கிக் கணக்குக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வர ஆரம்பித்தது. கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்த மாதங்களில்கூட வந்தது. ஏட்டு மைத்துனன், “பாத்தீங்களா அத்தான், நம்ம யோசனை பலிச்சிட்டு” என்றான். அவனோடு நான் ஆறு மாதம் பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஒரு தை மாதத்தில் ஆனந்திக்கு நிஜமாகவே கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை சிவகாசி. மாஸ்டர் குடும்பத்தை அழைக்க ஆனந்தியே நேரில் போனாள். அவர்களும் வந்தார்கள், செல்வியையும் கூட்டிக்கொண்டு.

தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் சந்தோஷ மிகுதியில் பாயச வாளியைப் பிடுங்கிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்த இலைக்குப் பக்கத்து இலை பேச்சியம்மாளுடையது. அவள் மனசு நிறைந்து போய்ப் பெண்ணைப் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

“தங்கமான பிள்ளை. அந்த ஆலங்குளத்துக்காரனுக்குக் குடுத்து வைக்கல. தையில கல்யாணம்னு சொல்லி, வீடெல்லாம் வெள்ளையடிச்ச பொறவுல்லா விட்டுட்டுப் போனான்.”

சம்பந்தியம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். “ரெண்டு இடம் தட்டிப் போனதைச் சொன்னீக. ஆலங்குளத்தைச் சொல்லலியே” என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வரிசையே திரும்பியது. என் கைக் கரண்டியிலிருந்து பாயசம் யாருடைய ரசத்திலோ கொட்டிக்கொண்டிருந்தது. ‘அது வேற ஆனந்தி’ என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அப்போது எதிர் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த ஆனந்தி என்னைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், தாம்பாளத்தோடு நின்று பார்த்த அதே பார்வை.

நாதஸ்வரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று நான் கத்திச் சொன்னேன். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திச் சாப்பிட எழுந்த நேரம் அதுதான். ஆகவே, “அப்படி ஒரு மாப்பிள்ளையே கிடையாது, வாடகைக்காக நான் சொன்ன பொய்” என்பது மண்டபம் முழுக்கத் தெளிவாக ஒலித்தது. மிச்சத்தையும் சொன்னேன். சாக்கு, காலண்டர், எல்லாம். முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். புரையேறிச் சிரித்தார். பிறகு மாப்பிள்ளை, பிறகு பந்தி, பிறகு மண்டபம்.

மூன்று இலைகளில் சிரிப்பில்லை. பேச்சியம்மாள் வாயில் போட்ட கவளத்தை விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள். செல்வி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியோடு அவர் முன்னால் போய் நின்றேன். அந்த நான்கு வார்த்தை கடைசியாக வந்தது.

அவர் கோபப்படவில்லை. “வாடகையக் கேட்டிருக்கலாமே அண்ணாச்சி” என்றார். பேச்சியம்மாளைக் காட்டி, “கேட்டிருந்தா இவ கம்மல வித்துக் குடுத்திருப்பேன். பிள்ளை பரீட்சை வரைக்கும் இருந்திருப்போம்” என்றார். அப்புறம் இலையைப் பார்த்துக் குனிந்து, பாதியில் எழுந்தால் கல்யாண வீட்டுக்கு ஆகாது என்பதற்காகவோ என்னவோ, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

வாசலில் செல்விக்குத் தாம்பூலப் பை கொடுத்தேன். ஏதோ சொல்ல நினைத்தேன். அவள் பைக்குள் கையை விட்டு எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தேங்காயோடு பையை அம்மாவிடம் கொடுத்தாள். அவர்கள் பஸ்ஸுக்குப் போக வேண்டியிருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது புளுகினால், “மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?” என்றுதான் கேட்பார்கள். என் மருமகன் எங்கே போனாலும் தன்னை நாலாவது மாப்பிள்ளை என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார். பேத்தி ஒருநாள் பால் குடித்துவிட்டேன் என்று பொய் சொன்னபோது சம்பந்தியம்மா, “ஆலங்குளத்துப் பாலா?” என்று கேட்டார். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறேன். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. ஒன்றாம் தேதி, அது வெள்ளியோ அமாவாசையோ, நேரே போய் ‘வாடகை’ என்று கேட்டுவிடுகிறேன். முகம் மட்டும் பழைய முகம்தான். அவர்கள் பாவப்பட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை. கல்யாணத்தன்று மாஸ்டர் கொடுக்க வேண்டிய பாக்கியில் ஒரே ஒரு ஐந்நூறு மிச்சமிருந்தது. எல்லா உண்மையும் தெரிந்த பிறகு அதை அவர் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம், வழக்கமான தேதியில், அதுவும் வந்தது. கூடவே போனில் ஒரு செய்தி. ‘பாக்கி தீந்துட்டு அண்ணாச்சி.’

என்ன பதில் போடுவதென்று ஆனந்தியிடம் கேட்டேன். “உண்மையா ஏதாவது போடுங்கப்பா” என்றாள். நான்கு வருஷமாகிறது. இன்னும் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.